பலகை வெளியூர், புகை உள்ளூர்!

சாலை நம்முடையது. கல்லுடைத்துக் கொட்டியது உழைப்பவன் கை. தார் காய்ச்சி ஊற்றியதும் அவன் கை. மழையில் அது குழியாகிப் போனால் இடறி விழுந்து ஒடிவதும் அவன் கால்தான்!

அந்தச் சாலையிலே சீறிக்கொண்டு வருகிறது ஒரு சீமானின் கார். விலை கோடியைத் தாண்டும். மாளிகை இங்கே, வாணிபம் இங்கே, பெட்ரோல் போடுவது இங்கே, புகை கக்குவதும் இங்கேதான். எண்பலகையை மட்டும் எட்டிப் பாருங்கள், அதிலே இருப்பது வேறொரு மாநிலத்தின் எழுத்து! "ஏனய்யா?" என்று கேட்டால், "எல்லாம் சட்டப்படிதான்" என்று ஏளனச் சிரிப்பு.

எந்தச் சட்டப்படி? யாருக்காக எழுதிய சட்டப்படி? அதைத்தான் இன்று பேசப்போகிறோம், தோழர்களே! இது ஏதோ கார் வைத்திருப்பவர் கதை, நமக்கென்ன என்று ஏட்டை மடித்து வைத்துவிடாதீர்கள். கார் அவருடையது, வரிப்பணம் நம்முடையது. எஞ்சின் அவருடையது, நுரையீரல் நம்முடையது.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், 40-ஆம் பிரிவு என்ன சொல்லுகிறது? வண்டி வழக்கமாக எங்கே நிற்கிறதோ, உரிமையாளர் எங்கே குடியிருக்கிறாரோ அல்லது தொழில் நடத்துகிறாரோ, அந்த மாநிலத்தில் பதிவு செய் என்கிறது. 47-ஆம் பிரிவு என்ன சொல்லுகிறது? ஒரு மாநிலத்தில் பதிந்த வண்டி வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் தங்கினால், அங்கே புதிய எண் வாங்கியாக வேண்டும் என்கிறது. வீடு மாறினால் 30 நாட்களுக்குள் தெரிவி என்கிறது 49-ஆம் பிரிவு. டி.என். 12 என்றால் பூந்தமல்லி, டி.என். 13 என்றால் அம்பத்தூர் என்று பள்ளிப் பிள்ளையும் சொல்லுகிறதே, அந்த எழுத்துக்குப் பொருள் இதுதான்: இந்த வண்டி இந்த ஊரில் நிற்கிறது, இந்த ஊர்ச் சாலைக்கு வரி கட்டியிருக்கிறது.

வரி எவ்வளவு? 2023 நவம்பரில் தமிழ்நாட்டில் திருத்தப்பட்ட வாழ்நாள் வரியின்படி, 5 லட்சம் ரூபாய் வரை விலையுள்ள காருக்கு 12 சதவீதம். 10 லட்சம் வரை 13. 20 லட்சம் வரை 18. அதற்கு மேல் 20 சதவீதம். மோட்டார் சைக்கிளுக்கு ஒரு லட்சம் வரை 10 சதவீதம், அதற்கு மேல் 12.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் மெஷினுக்கு முன்னால் எட்டு மணி நேரம் நிற்கும் தோழன், 90,000 ரூபாய்க்கு ஒரு மோட்டார் சைக்கிள் வாங்குகிறான் என்று வையுங்கள். வரி 9,000 ரூபாய். வண்டி கடை வாசலைத் தாண்டுமுன்பே அதைக் கட்டிவிடுகிறான். அவனுக்குக் குறைந்த வரி மாநிலம் எதுவென்று ஆராய நேரமில்லை. வேறு மாநிலத்தில் முகவரி எடுத்துக் கொடுக்க ஆடிட்டர் இல்லை. கடன் வாங்கியாவது கட்டுகிறான். கட்டிவிட்டுத்தான் கிக்கரை மிதிக்கிறான்.

ஒரு கோடி ரூபாய்க் கார்? வரி 20 லட்சம். இங்கேதான் சீமானின் மூளை வேலை செய்கிறது! வரி குறைந்த இடம் எது என்று வலை வீசித் தேடுகிறது. ஒரு வாடகை வீட்டு முகவரி, ஒரு சத்தியப் பத்திரம், ஒரு புரோக்கர், முடிந்தது காரியம். கார் வந்து நிற்பது சென்னையில். காகிதத்தில் மட்டும் அது வேறு ஊரில் குடியிருக்கிறது. உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்பார்களே, அதற்கு நான்கு சக்கரம் மாட்டினால் இந்தக் கார்தான்!

கற்பனையல்ல, தோழர்களே. 2017-இல் கேரளத்தில் இது ஊரறிய வெடித்தது. புதுச்சேரியில் குடியிருப்பதாக முகவரி காட்டி விலையுயர்ந்த கார்களைப் பதிந்தார்கள் என்று திரைப்பட நடிகர்கள்மீதும், நாடாளுமன்ற மாநிலங்களவை உறுப்பினர் ஒருவர்மீதும் புகார் எழுந்தது. ஒருவர் கேரளத்துக்கு வரியைக் கட்டினார். ஒருவர்மீதான புகார் நிலைக்கவில்லை. இன்னொருவர் குற்றச்சாட்டை மறுத்தார், வழக்கு நீதிமன்றம் சென்றது. பெயர் சொல்லித் தூற்றுவது நம் வேலையல்ல. தீர்ப்புச் சொல்வது நீதிமன்றத்தின் வேலை. நாம் கேட்பது ஒன்றுதான்: இத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் புதுச்சேரிக் கடற்காற்றின்மீது காதல் பிறந்தது எப்படி?

பூந்தமல்லிச் சாலை போய்ச் சேருகிற பெங்களூரில் என்ன நடந்தது? 2025 பிப்ரவரியில் கர்நாடகப் போக்குவரத்துத் துறை அதிகாரிகள் தெருவில் இறங்கினார்கள். வெளிமாநிலப் பலகை மாட்டிய ஃபெராரி, போர்ஷே, ஆடி என்று ஆடம்பரக் கார்களை வரிசையாகப் பிடித்தார்கள். அதே ஆண்டு ஜூலையில், மகாராஷ்டிரப் பலகையோடு பெங்களூரில் ஓடிக்கொண்டிருந்த ஒரே ஒரு ஃபெராரி காருக்கு, 1 கோடியே 41 லட்ச ரூபாய்க்கு மேல் வரி வசூலாயிற்று. ஒரே கார்! நம் தோழன் கட்டிய 9,000 ரூபாயைப் போல் ஆயிரத்து ஐந்நூறு பேர் கட்டினாலும் அந்தத் தொகை வராது. பிடித்தால் பணம் வருகிறது. பிடிக்காவிட்டால்? ஆயிரத்து ஐந்நூறு தொழிலாளிகள் கட்டிய சாலையில் ஒரு சீமான் இலவசமாக ஓடுகிறான்!

2025 செப்டம்பரில் இன்னொரு கதை. கொச்சியில் சுங்கத்துறை சோதனை நடத்தியது. அதற்கு இட்ட பெயர் 'நும்கோர்'. பூட்டான் நாட்டு மொழியில் வண்டி என்று பொருளாம். பூட்டானிலிருந்து கடத்தி வந்த கார்களை, போலி ஆவணங்களைக் கொண்டு இமாசலப் பிரதேசம் போன்ற மாநிலங்களில் பதிந்து, கேரளத்தில் விற்றார்கள் என்பது சுங்கத்துறையின் குற்றச்சாட்டு. கேரளத்துக் காருக்கு இமயமலையில் பிறப்புச் சான்றிதழ்!

கார்களோடு நின்றதா? இல்லை. நம் ஊர் ஆம்னி பஸ்களைப் பாருங்கள். முதலாளி தமிழ்நாட்டுக்காரர். ஓட்டுநர் தமிழ்நாட்டுக்காரர். பயணி தமிழ்நாட்டுக்காரர். சென்னையில் ஏறி மதுரையில் இறங்குகிறார். பலகையிலே மட்டும் நாகாலாந்து, அருணாசலப் பிரதேசம்! அந்த மலைநாட்டு மக்கள்மீது நமக்கு என்ன பகை? பாவம், அவர்கள் இந்தப் பஸ்களைக் கண்ணால் கண்டிருக்கவும் மாட்டார்கள். அவர்கள் பெயரை வாடகைக்கு எடுத்து வரியைக் குறைத்துக்கொண்டது இங்குள்ள பணப்பை. 2024 ஜூனில் தமிழ்நாட்டுப் போக்குவரத்துத் துறை இதைத் தடுக்க முனைந்தபோது, ஐந்நூறுக்கும் மேற்பட்ட பஸ்கள் இப்படி ஓடுவதாகச் சொல்லிற்று. இருக்கைக்கு மூன்று மாதத்துக்கு 3,000 ரூபாய் வீதம், 36 இருக்கைக்கு 1,08,000 ரூபாய் வரி என்று கணக்கும் சொல்லிற்று. ஆண்டுக்கு ஒரு பஸ்ஸுக்கு 4,32,000 ரூபாய்! "வரி அதிகம், தாங்க முடியவில்லை" என்றார்கள் உரிமையாளர்கள். தாங்க முடியவில்லை என்றால் அரசிடம் வந்து வாதாடு. சட்டமன்றத்தின் கதவைத் தட்டு. பலகையை மாற்றி மாட்டிக்கொண்டு பின்வாசல் வழியாகப் போவதற்குப் பெயர் வாதமா?

இவர்களுக்குப் பின்வாசலைத் திறந்துவிட்டது யார்? டில்லி! 2023 மே முதல் நடைமுறைக்கு வந்த அகில இந்திய சுற்றுலா வாகன அனுமதி விதிகளைப் பாருங்கள். எந்த மாநிலத்தில் பதிந்தாலும் இந்தியா முழுவதும் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்லலாம். சுற்றுலாவுக்குத் தந்த அனுமதியைச் சீட்டு விற்றுத் தினசரி ஓட்டும் பஸ்ஸுக்குப் பயன்படுத்துகிறார்கள். தடுக்கப் போனால், "டில்லியின் அனுமதி இருக்கிறது" என்று காகிதத்தை நீட்டுகிறார்கள்.

அரசியல் சட்டத்தின் ஏழாம் அட்டவணையை எடுத்துப் பாருங்கள். மாநிலப் பட்டியலில் 57-ஆவது இனம் வாகனங்களின்மீது வரி. அது மாநிலத்தின் உரிமை. பொதுப் பட்டியலில் 35-ஆவது இனம் மோட்டார் வண்டிகளும், அவற்றுக்கு வரி விதிக்கும் கோட்பாடுகளும். அந்த 35-ஐக் கையில் பிடித்துக்கொண்டு 57-ஐக் காலால் மிதிக்கிறது டில்லி. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது மாநிலங்கள் வரி விதிக்கும் உரிமைகள் பலவற்றைப் பறிகொடுத்தன. கையில் எஞ்சிய சிலவற்றில் வாகன வரி ஒன்று. அதையும் எலி கடித்த மூட்டையாக்கினால் மாநிலத்திடம் மிச்சம் என்ன? வெறும் சாக்கு!

1969-இல் இராசமன்னார் குழுவை அமைத்ததும், 1974-இல் சட்டமன்றத்தில் மாநில சுயாட்சித் தீர்மானம் நிறைவேற்றியதும் மேடை அலங்காரத்துக்காக அல்ல. நம் சாலையில் ஓடும் வண்டிக்கு நாம் வரி விதிப்பது, அந்த வரியில் நம் மக்களுக்குப் பஸ் விடுவது என்பதும் அந்தச் சுயாட்சிதான். 1972-இல் பல்லவன் போக்குவரத்துக் கழகம் பிறந்ததும், 2021 மே மாதம் நகரப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் தொடங்கியதும் வானத்திலிருந்து விழுந்த பணத்தால் அல்ல, தோழர்களே!

இதற்குள் ஒரு தோழர் கேட்பார்: "என் வண்டியும் கே.ஏ. பலகைதானே? என்னையும் சேர்த்தா திட்டுகிறீர்?" நல்ல கேள்வி. அதற்கும் பதில் சொல்ல வேண்டும்.

பெங்களூர் பீனியாவில் நான்கு ஆண்டு வேலை பார்த்து, ஆலை மூடியதும் ஆவடிக்குத் திரும்பும் தொழிலாளியை நினைத்துப் பாருங்கள். கையோடு ஒரு மோட்டார் சைக்கிள். பன்னிரண்டு மாதத்துக்கு மேல் அதை இங்கே வைத்துக்கொள்ள என்ன செய்ய வேண்டும்? பெங்களூர் ஆர்.டி.ஓ. ஆபீஸில் என்.ஓ.சி. வாங்க வேண்டும். கடனில் வாங்கிய வண்டியென்றால் கடன் கொடுத்த கம்பெனியின் சம்மதம் வேண்டும். இங்கே புதிய எண்ணுக்கு மனு. வண்டியின் வயதுக்கேற்ப இங்கே வரி. அங்கே கட்டிய வாழ்நாள் வரியில் மிச்சத்தைத் திரும்பப் பெற அங்கே மனு. இரண்டு மாநிலத்துக்கும் அலைந்தால் எத்தனை நாள் கூலி போகும்? புரோக்கருக்கு எவ்வளவு போகும்? அவன் ஏமாற்றுக்காரனல்ல, தோழர்களே; ஏழ்மையில் இழுத்தடிக்கப்படுபவன். ஆனால் சாலையோரத்தில் முதலில் நிறுத்தப்படுவது அவன் வண்டிதான். கறுப்புக் கண்ணாடி போட்ட கார் சல்லென்று பறந்துவிடுகிறது!

2021-இல் ஒன்றிய அரசு பி.எச். வரிசை என்று ஒன்றைக் கொண்டுவந்தது. மாநிலம் விட்டு மாநிலம் போனாலும் பலகை மாற்ற வேண்டாம். இரண்டிரண்டு ஆண்டாக வரி கட்டலாம். யாருக்கு? படைவீரருக்கு, அரசு ஊழியருக்கு, நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் கிளை வைத்திருக்கும் கம்பெனிகளின் ஊழியருக்கு. ஆவடி ராணுவத் தொழிற்சாலைகளின் நிரந்தர ஊழியர் ஒருவேளை பயன் பெறலாம். அதே தொழிற்சாலை வாசலில் ஒப்பந்தக் கூலியாக நிற்பவன்? ஒற்றைப் பட்டறையில் வேலை செய்பவன்? அவனுக்கு இல்லை. வேலை தேடி அதிகம் ஊர் மாறுகிறவன் எவனோ, அவனுக்குக் கதவு சாத்தியிருக்கிறது!

1955 ஜனவரியில் இதே ஆவடியில்தான் காங்கிரஸ் மாநாடு கூடி, சோஷலிச பாணிச் சமுதாயம் அமைப்போம் என்று தீர்மானம் போட்டது. தீர்மானம் போட்ட மண்ணில் எழுபது ஆண்டு கழித்தும், சட்டம் ஏழைக்கு வேலியாகவும் சீமானுக்கு வாசலாகவும் இருக்கிறதே, இதற்குப் பெயர் எந்தப் பாணி?

பலகையை விட்டுப் புகைக்கு வருவோம். இரண்டும் ஒரே கயிற்றின் இரு முனை. ஊர் தெரியாத பலகையை மாட்டிக்கொண்டவன், எஞ்சினுக்குள் என்ன செய்திருக்கிறான் என்பதும் தெரியாது.

2020 ஏப்ரல் முதல் இந்தியாவில் விற்கும் புது வண்டிகளுக்கு பி.எஸ். 6 தரம் கட்டாயம். பெட்ரோல் காரின் புகைக்குழாயில் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் என்று ஒரு பெட்டி. அதற்குள் பிளாட்டினம் போன்ற அரிய உலோகப் பூச்சு. நச்சுப் புகை அதன்மீது பட்டுத் தீமை குறைந்த வாயுவாக வெளியேறும். டீசல் வண்டியில் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி. இவற்றையெல்லாம் கம்ப்யூட்டர் ஒன்று கண்காணிக்கிறது. வண்டி விலையில் இதற்கும் சேர்த்துத்தான் பணம் வாங்குகிறார்கள்.

பணக்கார மைனர் என்ன செய்கிறார்? "வேகம் போதவில்லை, சத்தம் போதவில்லை" என்று அந்தப் பெட்டியைப் பிடுங்கி எறிகிறார். வடிகட்டியை வெட்டி எடுக்கிறார். கம்ப்யூட்டரின் கணக்கை மாற்றி எழுதுகிறார். அதற்கு ரீமேப் என்று பெயராம். நள்ளிரவில் சாலை அதிர ஒரு உறுமல். அவருக்கு அது சங்கீதம். இரவு ஷிப்ட் முடிந்து படுத்தவனுக்கு அது சம்மட்டி அடி. சாலையோரத்தில் இட்லிக் கடை போட்டவளுக்கு இருமல். டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று 2012-லேயே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு உறுதிப்படுத்திவிட்டது. அதை மூடிய கண்ணாடிக்குள் குளிர்காற்று வாங்குகிறவர் குறைவாகச் சுவாசிக்கிறார். சைக்கிளில் போகிறவன் நிறையச் சுவாசிக்கிறான்.

சட்டம் இல்லையா? இருக்கிறது. தயாரிப்பாளர் குறித்தபடி இருக்கும் வண்டியை மாற்றக்கூடாது என்கிறது 52-ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே 2019-இல் வந்த திருத்தம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும் என்கிறது. புகைச் சான்று இல்லாவிட்டால் 10,000 ரூபாய் வரை அபராதம். கோடி ரூபாய்க் காருக்கு 5,000 ரூபாய் என்ன, ஒரு வேளை விருந்துச் செலவு! ஓட்டை ஆட்டோவுக்கு 10,000 ரூபாய் என்ன? ஒரு மாதக் குடும்பம்!

சான்றாவது உண்மை பேசுகிறதா? புகைச் சோதனை நிலையத்தில் என்ன அளக்கிறார்கள்? நிற்கும் பெட்ரோல் காரில் கார்பன் மோனாக்சைடும், எரியாத எரிபொருள் ஆவியும். பி.எஸ். 4 முதலான காருக்கு கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதம் என்பது எல்லை. டீசல் வண்டியில் புகையின் அடர்த்தி. நைட்ரஜன் ஆக்சைடு? அளப்பதே இல்லை! கம்ப்யூட்டர் கணக்கை மாற்றியவன் எதை அதிகமாகக் கக்குகிறானோ, அதற்கு அங்கே தராசு கிடையாது. 2015-இல் ஜெர்மனியின் ஃபோக்ஸ்வேகன் கம்பெனி என்ன செய்தது? சோதனை நடக்கும்போது மட்டும் புகையைக் குறைக்கும் தந்திரத்தைக் கம்ப்யூட்டரில் எழுதி வைத்து, உலகமெங்கும் 1 கோடியே 10 லட்சம் டீசல் வண்டிகளை விற்றிருந்தது. அகப்பட்டது எப்படி? வண்டியைச் சாலையில் ஓடவிட்டு அளந்ததால்! நின்ற வண்டி பொய் சொல்லும். ஓடும் வண்டிதான் உண்மை சொல்லும்.

அதற்காகப் பட்டறைக்காரனை எதிரியாக்கிவிடாதீர்கள். பாடியிலும் அம்பத்தூரிலும் சத்தத்தைக் கேட்டே எஞ்சினின் நோயைச் சொல்லும் கைகள் இருக்கின்றன. கால் நடக்க முடியாதவருக்கு ஏற்ப வண்டியை மாற்றித் தரலாம். பழைய ஆட்டோவுக்கு எரிவாயுக் கருவி பொருத்தலாம். முறையான அனுமதியோடு இவற்றுக்குச் சட்டமே இடம் தருகிறது. அந்த அனுமதியின் பாதை சிறு பட்டறைக்குத் தெரிவதில்லை. தெரிந்தாலும் செலவு தாங்குவதில்லை. ஒரகடத்தில் வாகனங்களைச் சோதிக்கும் பெரிய ஆய்வு மையம் இருக்கிறது. பெரிய கம்பெனிகளுக்குத் திறந்திருக்கும் அதன் கதவு, தொழிற்பேட்டையின் சின்னப் பட்டறைக்கும் திறக்கட்டும்! திறமை திருட்டு வேலைக்குப் போவது, நேர்வழி அடைபட்டிருப்பதால்தான்.

ஆகவே நாம் கேட்பது இவை.

ஒன்று: கோடி ரூபாய்க் கார்களிலிருந்து தொடங்குங்கள் சோதனையை. வெளிமாநிலப் பலகை ஓராண்டுக்கு மேல் இங்கே நிற்கிறதா என்பதைச் சுங்கச்சாவடிப் பதிவும் இன்சூரன்ஸ் முகவரியும் காட்டிக்கொடுக்கும். மோட்டார் சைக்கிளை மடக்குவது கடைசியில் இருக்கட்டும்.

இரண்டு: ஊர் மாறும் தொழிலாளிக்கு ஒரே மனு, ஒரே இடம். அவன் ஏற்கெனவே கட்டிய வரியின் மிச்சத்தை மாநிலங்கள் தங்களுக்குள் தீர்த்துக்கொள்ளட்டும். அவனை அலைக்கழிக்க வேண்டாம்.

மூன்று: சுற்றுலா அனுமதியில் அன்றாட பஸ் ஓட்டும் ஓட்டையை டில்லி அடைக்க வேண்டும். வாகன வரி மாநில உரிமை; அதில் கை வைக்கும் விதி எதுவும் மாநிலங்களைக் கேட்காமல் வரக்கூடாது.

நான்கு: புகையைச் சாலையில் அளக்கும் கருவி வேண்டும். அபராதம் வண்டியின் விலைக்கேற்ப உயர வேண்டும்.

இனி நம் வீட்டுக்குள்ளும் ஒரு சொல். கழகக் கொடி கட்டிய காருக்குச் சட்டம் வேறல்ல! முன்னால் இரும்புக் கம்பி, கண்ணாடியில் கறுப்புத் தாள், எண் தெரியாமல் தலைவர் படம் - இவையெல்லாம் பற்றின் அடையாளங்களல்ல. இரும்புக் கம்பிக்கு 2017-லேயே தடை. கறுப்புத் தாளுக்கு 2012-லேயே உச்சநீதிமன்றத் தடை. ஊருக்கு உபதேசம் சொல்லப் புறப்படுகிறவன் முதலில் தன் புகைச் சான்றின் தேதியைப் பார்க்கட்டும். சைலன்சரை அறுத்த தம்பி அதைத் திரும்ப மாட்டட்டும். நம் கை சுத்தமாக இருந்தால்தான் சீமானின் பலகையைச் சுட்டிக்காட்ட விரல் நீளும்.

கிளைக் கழகத் தோழர்களே! வரும் ஞாயிற்றுக்கிழமை படிப்பகத்தில் ஒரு மேசை போடுங்கள். வெளிமாநில வண்டி வைத்திருக்கும் தொழிலாளர்களை அழையுங்கள். மனு எழுதத் தெரியாதவருக்கு எழுதிக் கொடுங்கள். புரோக்கர் வாயில் போகும் ரூபாயை மிச்சப்படுத்துங்கள். பிறகு நியாயம் கேளுங்கள், உரக்கக் கேளுங்கள்: "ஒன்பதாயிரம் நான் கட்டிவிட்டேன்; இருபது லட்சம் நீ கட்டினாயா?"